நடுச்சுவர்

சாட்ஸ்வர்த், ஏழாம் யூனிட்.
மலைச்சரிவில் நகராட்சி கட்டிய வீடுகள்
எல்லாம் இரட்டை.
இரட்டையில் ஒரு பாதி எனது.
பாதி வீட்டுக்கு முழுக்கடன் கட்டி
போன மார்ச்சில்தான் முடித்தேன்.

மின்கட்டணத் தாளின் பின்புறம்
புது வீட்டை வரைந்தேன்:
சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் உள்ள சுவர் போகும்.
என் பாதிக் கல்நார்க் கூரை போகும்
(அதைக் கழற்ற முகமூடி போட்ட நால்வரும்
ஓர் அனுமதிச் சீட்டும் வேண்டுமாம்,
போடுவதைவிடக் கழற்றத்தான் செலவு).
பின்னால், சரிவு தொடங்கும் இடத்தில்
மரப்பலகையில் ஒரு தளம்.
அதில் எங்களுக்கு இரண்டு நாற்காலி,
மூன்றாவது குரங்குகளுக்கு.
ஜோஜோ தொட்டியை மறைக்க ஒரு கொடி.
என்ன கொடி என்று இன்னும் முடிவாகவில்லை.

சக்ரன் தாளைத் திருப்பினான்,
பாக்கித் தொகையை மட்டும் படித்தான்.

மூஸி வந்தார், அளவு நாடாவோடு.
முப்பது வருஷக் கொத்தனார்.
தட்டிப் பார்த்தே சுவரின் வயதைச் சொல்வார்.
"உங்கள் வீடு எங்கே முடிகிறது?"
நடுச்சுவரைக் காட்டினேன்.
"சுவரின் எந்தப் பக்கம்?"

பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம்.
ஒரு கல்லின் பாதியில் நான் முடிகிறேன்.
மறுபாதியில் லோகஸ் தொடங்குகிறாள்.

இருபது வருஷமாய்
அவள் குக்கர் விசிலை எண்ணித்தான்
என் பருப்பை இறக்கினேன்.
மின்சாரம் போனால் இருமுறை தட்டுவாள்: உனக்குமா?
ஒருமுறை தட்டுவேன்: எனக்கும்.
பூபாலனின் குறட்டை, கிரிக்கெட் வர்ணனை,
மகள் பரீட்சையில் தோற்ற ராத்திரி
அந்த வீட்டில் யாரும் பேசாமல் இருந்த சத்தம்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
அப்படியென்றால்
எங்களுடையதும்.

இது உறைத்த அன்றே
ஒலி தடுக்கும் பலகை பதினாறு ஆர்டர் செய்தேன்.
தாளில் வரையவில்லை.
சக்ரனிடம், "ஈரத்துக்கு" என்றேன்.

சொல்லாமல் அடைப்பது சரியில்லை என்று பட்டது.
ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜியோடு கிளம்பினேன்.
எட்டடி தூரம்,
இரண்டு கேட், மூன்று பூட்டு, ஒரு நாய்.

அவள் நடையில்
படுக்கை விரிப்பு போர்த்தி, சுவரில் சாய்ந்து
பலகைகள்.
அதே கம்பெனி. அதே மஞ்சள் பட்டை.
விரிப்பு ஓரம் விலகியதை
இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

"ஈரத்துக்கு" என்றாள்.
"ஈரம்தான்" என்றேன்.

பஜ்ஜி ஆறும்வரை யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவள், வாயில் பஜ்ஜியோடு,
"சொல்லித் தொலைத்திருந்தால்
லாரி வாடகையாவது பாதியாகியிருக்கும்."
அந்தச் சிரிப்பு என் சமையலறைவரை கேட்டதாம்.
சக்ரன் சொன்னான்.
அதுதான் கடைசி.

பருப்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது.
தக்காளி வடிவத்தில் ஒரு மணிப்பொறி வாங்கினேன்,
அது தன் இஷ்டத்துக்கு அடிக்கிறது.
மின்சாரம் போனால்
இப்போது போனில் கேட்கிறாள்: உனக்குமா?
சில நாள் டவரும் சேர்ந்தே போய்விடுகிறது.
அன்று இருட்டில் என் கை
பலகைமேல் ஒருமுறை தட்டிவிட்டு
பேசாமல் திரும்புகிறது.

மரத்தளம் காசில்லாமல் பாதியில் நிற்கிறது.
குரங்குகளுக்குக் குறையேதும் இல்லை.

முகப்புக்கு நான் மாம்பழ மஞ்சள்,
அவள் கடல் பச்சை.
அடுத்தவர் பக்கம் ஒரு சொட்டும் படக்கூடாதென்று
இரண்டு பெயிண்டர்களும் முன்னதாகவே தூரிகையை நிறுத்தியதில்
கூரையிலிருந்து தரைவரை
நான்கு விரல் அகலம்
பழைய நகராட்சிச் சாம்பல்.

அதை யார் அடிப்பது என்று இன்னும் பேசவில்லை.
மழை விட்டதும்
எறும்புகள் அதன் வழியாகத்தான் ஏறுகின்றன.
உச்சியில் பிரிந்து
கொஞ்சம் அவள் வீட்டுக்கு,
கொஞ்சம் என் வீட்டுக்கு.